மொறிஸ் மைனருக்கு என்ன விலை?

பழம்பொருளுக்கு விலை கூறுவது புதுப்பொருளுக்கு விலை கூறுவது போன்றதன்று. புதிய பொருளுக்கு அதைச் செய்தவன் விலை குறிக்கின்றான். வாங்குவோன் கொடுக்கின்றான், அல்லது கடையை விட்டு இறங்குகின்றான். பழைய பொருளுக்கோ விலை குறிக்க வேண்டியவன் அதனோடு வாழ்ந்தவன். நெல்லும் புகையிலையும் விற்றுப் பழகிய நம்மவர்க்கு அவற்றின் விலையைச் சந்தை சொல்லிவிடும். மோட்டார்க் காருக்கு, அதிலும் அறுபது வயது கடந்த காருக்கு, சந்தையும் தெளிவாக ஒன்றும் சொல்வதில்லை.

எங்கள் தந்தையார் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். 2022ஆம் ஆண்டு அவர் காலமானபோது விட்டுச் சென்றவற்றுள் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ஒன்றும் இருந்தது. வீட்டில் அதனை ஓட்டுவார் இல்லை. ஆண்டுத்திவசம் முடிந்ததும் விற்பதென்று முடிவாயிற்று. என்ன விலை கேட்பது என்பதில் மாத்திரம் ஆளுக்கொரு கணக்கு.

அம்மாவின் கணக்கு பவுண் கணக்கு. 1973ஆம் ஆண்டில் இந்தக் காரை வாங்குவதற்காக அவர் தம் நகைகளிற் பத்துப் பவுணை விற்றுக் கொடுத்தவர். பத்துப் பவுண் இன்று பதினைந்து இலட்சத்துக்கு மேல் என்றும், அதற்குக் குறைத்துக் கேட்பது தம் நகையைக் குறைத்து மதிப்பதாகும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கவே செய்தது. ஆனால் பொன் பெட்டியில் இருந்தது போலவே இருக்கும். கார் ஐம்பது ஆண்டுகளாக எங்களைச் சுமந்து தேய்ந்தது. பள்ளிக்கூடத்திற்கும் ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஓடிய ஓட்டத்திலே அந்தப் பவுணின் பெரும்பகுதியை நாங்கள் ஏற்கெனவே பெற்றுக்கொண்டுவிட்டோம்.

ரொறன்ரோவிலுள்ள அண்ணாவின் கணக்கு வேறு. இங்கிலாந்திலே புதுக்கப்பட்ட மைனர்கள் என்ன விலைக்குப் போகின்றன என்று அவர் விசாரித்திருந்தார். மைனர் சாதாரணக் கார் அன்று என்பது உண்மையே. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்து, 1948ஆம் ஆண்டில் இலண்டன் கண்காட்சியில் வெளிவந்த அந்த வண்டி, பிரித்தானியக் கார்களுள் முதன்முதலாகப் பத்து இலட்சம் செய்யப்பட்டது என்ற பெருமையை உடையது. ஆனால் புதுக்கிய காரின் விலையைப் புதுக்காத காருக்குக் கேட்பது, வெள்ளையடித்த வீட்டின் வாடகையை ஒழுகும் வீட்டுக்குக் கேட்பது போலாகும்.

அத்தான் பத்திரிகை விளம்பரங்களைக் கத்தரித்து வைத்திருந்தார். 2020ஆம் ஆண்டு அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியதும், 2022இல் ரூபாய் வீழ்ந்ததும், பழைய கார்களுக்கெல்லாம் புதுமவுசு வந்திருந்த காலம் அது. (தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது.) ஆயினும் விளம்பரத்தில் அச்சாவது கேட்ட விலையே அன்றி விற்ற விலை அன்று. ஒரே மைனர் ஒரே தொலைபேசி இலக்கத்துடன் ஆறு வாரம் தொடர்ந்து வரக் கண்டேன். ஆறு வாரம் ஒருவரும் கொடாத விலையை விலை என்று எப்படிக் கொள்வது? நாலாவது வாரத்திற் காணாமற்போன விளம்பரங்களே எனக்குக் கூடிய பயன் தந்தன.

தந்தையாரின் அப்பியாசக் கொப்பி ஒன்றும் இருந்தது. காருக்குச் செலவழித்த ஒவ்வொரு சதமும் திகதியிட்டு அதில் எழுதப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டு போர் மூண்டபின் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கச் செய்துவிடும். எண்ணெயை அடிக்கடி மாற்றாவிடின் உள்ளுறுப்புகள் தேயும். அந்த ஆண்டுகளிலே கொப்பியின் பக்கங்கள் எண்ணெய்ச் செலவால் நிறைந்து கிடந்தன. கூட்டிப் பார்த்தால் பெருந்தொகை வரும். எனினும் செலவு வேறு, விலை வேறு. ஓடவைக்கச் செலவழித்தது ஓடியதிலேயே தீர்ந்துவிட்டது.

ஆகவே எங்கள் மெக்கானிக்கை அழைப்பித்தோம். முப்பது ஆண்டுகளாக அந்தக் காரில் வேறொருவர் கைவைத்ததில்லை. அவர் பாயொன்றை விரித்துக் காரின் கீழே படுத்து, சுத்தியற்காம்பாலே தட்டித் தட்டிக் கேட்டார். மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, உடற்றகடே சட்டம். கதவிலே கறள் பிடித்தால் அது அழகுக் குறை. அடித்தளத்திலே பிடித்தால் முதுகெலும்பிற் குறை. முன்சக்கரத்தைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் இடாவிட்டால் அது தேய்ந்து கழன்று, ஓட்டத்திலேயே சக்கரம் சரிந்துவிடும். இவற்றைப் பார்த்தபின்பே வர்ணத்தைப் பார்க்க வேண்டும் என்றார்.

பழுதற்ற மைனர் ஒன்று அப்பொழுது எங்கள் பகுதியில் எட்டு இலட்சத்திற்கு விலைப்படும் என்பது அவர் மதிப்பு. அதிலிருந்து, அடித்தகடு வெட்டி ஒட்ட 110,000, முன்மூட்டுகளுக்கு 45,000, மின்வயர் மாற்ற 40,000, பின்பிறேக்குக்கு 25,000. மொத்தம் 220,000 கழித்தால் நிற்பது 580,000. பேரம் பேசுவதற்கு இடம் விட்டு ஆறேகால் இலட்சம் கேட்கலாம் என்று சொல்லி, இவ்வளவையும் பிஸ்கற் பெட்டி மட்டையொன்றில் எழுதித் தந்தார். எதிரில் நிற்பவருக்கு ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டக்கூடிய விலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

சிக்கல் அந்த வாரமே வந்தது. படங்களை மாத்திரம் பார்த்த கொழும்பு அன்பர் ஒருவர் ஒன்பது இலட்சம் தருவதாகத் தொலைபேசியிற் சொன்னார். மறுநாள் மெக்கானிக் வந்து, காரைத் தாமே எடுக்க விரும்புவதாகவும், கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விட மகன் ஆசைப்படுவதாகவும் சொன்னார். அண்ணாவுக்கு ஐயம் எழுந்துவிட்டது. வாங்க நினைத்தவர் மதித்த மதிப்பை எப்படி நம்புவது என்று கேட்டார். முப்பது ஆண்டுப் பழக்கம் ஒரு மட்டையிலே தொங்கி நின்றது.

நான் மட்டையிலுள்ளதை அப்படியே கொழும்பு அன்பருக்கு அனுப்பினேன். மறைத்து விற்றால் ஒன்பது கிடைத்திருக்கும் என்று அத்தான் சொன்னார். முன்சக்கரம் எங்கே சரியும் என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். அன்பர் தம் மெக்கானிக்குடன் நேரில் வந்தார். வந்தவரும் கீழே படுத்தார், தட்டினார், அதே இடங்களைக் காட்டினார். அவர் போட்ட திருத்தச் செலவு இரண்டரை இலட்சம். எங்களவர் போட்டதிலும் முப்பதினாயிரம் கூட. ஒன்பது ஐந்தரையாக இறங்கியது. இதைச் சொன்னபோது அண்ணா தொலைபேசியிற் சற்று நேரம் பேசவில்லை.

பின்னர் அம்மா மெக்கானிக்கை விறாந்தையில் இருத்திக் கேட்டார்.

"தம்பி, நீர் செய்த வேலைக்கெல்லாம் அவர் காசு தந்தவர்தானே?"

"தந்தவர் அம்மா. மாஸ்டர் ஒருநாளும் கடன் வைத்ததில்லை."

"அப்ப, என்ன விலை எண்டு நீரே சொல்லும்."

"ஒட்டுவேலை என்ரை கையாலை செய்யப் போறன். எனக்கு அந்தக் கூலி மிச்சம். அதாலை ஐஞ்சு எண்பது எண்டு கேக்க மாட்டன். ஆறு தாறன்."

இங்கே ஒரு நுட்பம் உண்டு. திருத்தத் தெரிந்தவனுக்கு அதே கார் கூடிய பெறுமதி உடையது. அந்த மிச்சம் முழுவதும் அவனுக்கே உரியதா, விற்பவருக்கும் அதிற் பங்கு உண்டா? அவனுடைய கைத்திறனுக்கு நாம் பங்கு கேட்பது முறையன்று என்பது என் கருத்து. ஆனால் இங்கே பங்கை அவராகவே நீட்டினார். மறுத்தால் தாம் தயவு பெற்றதாகிவிடும் என்று அவர் எண்ணியிருக்கலாம். அம்மா தலையசைத்தார். ஆறு இலட்சம்.

கராஜின் மூலையிலே தந்தையார் கடதாசியிற் சுற்றி வைத்திருந்த புதிய முன்மூட்டுகள் இரண்டு கிடந்தன. காரோடு சேர்த்துக் கொடுக்கப் போனோம். அவர் அவற்றை வேறாக மதித்து இருபதினாயிரம் வைத்தார். பெயர்மாற்றப் பத்திரங்கள் கையொப்பமாகிப் பணமும் கைமாறிய பின்பு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த அப்பியாசக் கொப்பி. எந்த உறுப்பு எப்போது மாற்றப்பட்டது என்பது அதிலேதான் இருந்தது. அம்மா அதனைக் கொடுக்க இசையவில்லை. வீட்டிலிருந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்றார். இரண்டு பிற்பகல் அவர் விறாந்தையில் இருந்து எழுதினார். அம்மா தேநீர் கொடுத்து, விளங்காத இடங்களில் தந்தையாரின் கையெழுத்தை வாசித்துச் சொன்னார்.