மூங்கில் வாய்க்கால்

மேகாலயத்தின் ஜயந்தியா மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டப் பாறை இடங்கொடாது. பிளந்த மூங்கிலே அங்கு வாய்க்கால். மேட்டுச் சுனையிலிருந்து நிமிடத்திற்கு 18 அல்லது 20 லிட்டராய்ப் புகும் நீர், பன்னூறு மீட்டர் கீழிறங்கிக் கிளைகிளையாய்ப் பிரிந்து, கமுகில் படரும் வெற்றிலைக்கொடியின் வேரில் நிமிடத்திற்கு 20 முதல் 80 துளிகளாய்ச் சொட்டுகிறது. இயந்திரம் ஏதுமில்லை, மலையின் சரிவே விசை. மழைக்குப் பெயர்போன நாட்டில் பாசனம் எதற்கென்று அன்பர்கள் வியக்கவேண்டா. குளிர்காலத்தில் அங்கும் கொடி வாடும்.

மூங்கிலோ உளுத்துப்போகும் பொருள். பழுதானதை மாற்றிக் கட்ட ஊரார் கைகூட வேண்டும். அடுத்த தலைமுறையும் கட்டுமோ? கொடிக்காலை விற்றுவிட்டுப் பட்டணம் புகுந்த குடும்பத்தில் பிறந்த எனக்கு, அக்கேள்வியை அங்கிருந்த முதியவரிடம் கேட்க நா எழவில்லை. வெற்றிலையும் பாக்கும் நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.