ரீல்ஸில் வராத மயில்

காங்கேயம் பக்கம் எங்கள் ஊர். காலை ஆறு மணிக்கு ரோட்டில் மனிதர்களைவிட மயில்கள்தான் அதிகம். பால் ஊற்றப் போகிறவர்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவை அவசரப்படுவதே இல்லை. தோகையை இழுத்துக்கொண்டு நிதானமாகத்தான் ரோட்டைக் கடக்கும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, மயில் பார்க்க விராலிமலைக்குக் கூட்டிப்போனார்கள். இப்போது வாசலுக்கே வந்துவிடுகின்றன. மயில் தரையில்தான் முட்டையிடும். அதைத் தின்னும் நரிகள் குறைந்துவிட்டன, ஒளிந்துகொள்ள சீமைக்கருவேலம் புதர் இருக்கிறது என்று ஊரில் காரணம் சொல்கிறார்கள்.

போன வருடம், தோகை விரித்த மயிலை வீடியோ எடுத்து எங்கள் பக்கத்தில் போட்டேன். ‘செம’, ‘எந்த ஊர்?’, ‘முருகா!’ என்று கமென்ட்கள் குவிந்தன. அந்த மயில் நின்றிருந்தது எங்கள் அம்மிச்சியின் கடலைக்காட்டில். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

விதைத்த நிலக்கடலை முளை விடும்போதே மயில்கள் கிளறித் தின்றுவிடும். தப்பிப் பிழைத்தால், காய் பிடிக்கும்போது மறுபடியும் வரும். அம்மிச்சி காட்டைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டிப் பார்த்தார், தகர டப்பாவைத் தட்டிப் பார்த்தார். இரண்டே நாளில் மயில்களுக்கு அது பழகிவிட்டது. அந்த வருடம் இரண்டாவது முறையும் விதைக்க வேண்டியதாகிவிட்டது.

“முருகனோட வாகனத்தை எப்படிக் கண்ணு வையறது? ஆனா எனக்கும் வவுறு இருக்குதல்ல?” என்றார்.

மயில் 1963-ல் தேசியப் பறவையானது. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை. அப்படியிருந்தும், விஷம் கலந்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாகச் செத்துக்கிடந்த செய்திகளை டெஸ்க்கில் எடிட் செய்திருக்கிறேன். கைதானவர்களில் விவசாயிகளும் இருந்தார்கள். நேற்றுவரை கும்பிட்ட பறவைக்கு விஷம் வைக்கும் அளவுக்கு ஒருவர் போகிறார் என்றால், அதற்கு முன்பு எத்தனை முறை விதைத்து ஏமாந்திருப்பார்?

சட்டம் தேவைதான். ஆனால், தண்டனையை மட்டும் வைத்து மயிலைக் காப்பாற்றிவிட முடியாது. மயில் தின்ற பயிருக்கான இழப்பீடு, அலையவிடாமல் விவசாயியின் கைக்கு வர வேண்டும். அப்போதுதான் அவருக்கும் மயில் அழகாகத் தெரியும்.

வண்டியில் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ வரை இருக்கும். அது இடுப்பு உயரத்தில் குறுக்கே பறந்து மோதியதில், பக்கத்துத் தோட்டத்து மாமாவுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஒரு மயில் கடந்தால், பின்னாலேயே இன்னும் நாலு வரலாம். வேகத்தைக் குறையுங்கள்.

நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அப்படியே பக்கத்துக் காட்டையும் கொஞ்சம் பாருங்கள். சுற்றிலும் பழைய சேலை கட்டியிருந்தால், அங்கே யாரோ இரண்டாவது முறையாக விதைத்திருக்கிறார்கள்.