அம்மா கையில் கொடுத்த கொடி

அப்பா ராணுவத்துல 18 வருஷம். பணியில இருக்கும்போதே இறந்துட்டார். எனக்கு அப்போ 9 வயசு.

சிதைக்குத் தீ வைக்கறதுக்கு முன்னாடி, மேல போர்த்தியிருந்த தேசியக் கொடியை எடுத்து மடிச்சு அம்மா கையில கொடுத்தாங்க. விதி அதுதான்: காவி தலைப்பக்கம் வரணும், கொடி சிதையில எரியக் கூடாது, குழியில இறங்கவும் கூடாது.

போன வாரம் டிரங்குப் பெட்டியைத் திறந்தா வெள்ளைப் பட்டையில பூச்சி அரிச்ச ஓட்டைகள்.

2002 கொடி விதித்தொகுப்பைத் தேடிப் படிச்சேன். சேதமான கொடியை மாட்டி வைக்கக் கூடாது, தூக்கிப் போடவும் கூடாது. தனிமையில, மரியாதையா, முழுசா அழிக்கணும். எரிக்கறது நல்லது.

அம்மாகிட்ட சொன்னேன்.

"அன்னைக்கு அவரோட எரியக் கூடாதுன்னுதானே தம்பி என் கையில கொடுத்தாங்க? இப்ப என்னையே எரிக்கச் சொல்றியா?"

என்கிட்ட பதில் இல்ல.

கேஷுவால்டியில இறந்தவங்களோட கண்ணாடி, செருப்பு, செல்போனைக் கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்காரங்ககிட்ட கொடுப்போம். அதோட நம்ம வேலை முடிஞ்சுது. அதையெல்லாம் அவங்க வீட்டுல எங்க வைப்பாங்க, எத்தனை வருஷம் வைப்பாங்கன்னு நான் யோசிச்சதே இல்ல.

இப்போதைக்கு நிழல்ல காத்தாட விட்டோம். காவியும் பச்சையும் வெள்ளைக்கு அடியில போற மாதிரி மடிச்சு, சக்கரம் மேல தெரிய, அப்பாவோட பழைய வேட்டியில சுத்தி வெச்சிருக்கோம். உங்க வீட்டுலயும் ஒண்ணு இருந்தா, வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது எடுத்துப் பாருங்க.

எரிக்கறதா வேண்டாமான்னு நான் முடிவு பண்ணப் போறதில்ல. அதை என் கையில கொடுக்கல.