சித்தப்பா திறந்த பெட்டிகள்

டிக்கோயாப் பக்கத்தில் நாங்கள் இருந்த தேயிலைத் தோட்ட லயத்துக்கு மின்சாரம் வருமுன்பே டீவி வந்துவிட்டது. பங்களாவுக்கும் பாக்டரிக்கும் ஓடிய கம்பி எங்கள் தகரக் கூரைகளைத் தாண்டிப் போனது, லயத்துக்கு இறங்கவில்லை. ஆனால் பன்னிரண்டு வோல்ட் கார் பேட்டரியில் ஓடும் சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் இருந்தன. பழுதாகி மூலையில் கிடந்த அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடிப்பிடித்து மறுபடி பேச வைப்பதில் என் சித்தப்பாவுக்கு அவ்வளவு ஆசை.

பகலெல்லாம் அவர் மலையில் கவ்வாத்து வெட்டுவார். அந்தியில் பீலியில் குளித்துவிட்டு வந்து, இஸ்தோப்பில் சாக்கை விரித்து, குப்பி விளக்கை ஏற்றி, பெட்டியின் முதுகைக் கழற்றுவார். சின்ன வயதில் ஹட்டன் டவுனில் ஒரு ரேடியோ கடையில் கூடமாட நின்று பழகிய வேலை அது. ஈயம் பற்றவைக்கும் செப்புக்கோலைச் சூடாக்கக் கரண்ட் ஏது? அடுப்பில் தேயிலை மிலாறு எரியும் தணலில் அதைச் செருகி வைப்பார். அது சிவக்குமுன் எடுத்து ஓடிவந்து கொடுப்பது என் வேலை. ஈயம் உருகும்போது எழும் பிசின் வாசனையும் மிலாற்றுப் புகையும் கலந்த மணம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

மூடியைத் திறந்தால் உள்ளே தூசு, கரப்பான், பல்லி முட்டை. ஓடும் பெட்டியின் கதகதப்பைத் தேடி எல்லாம் அங்கே குடிவந்திருக்கும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுமுன் அவர் ஒன்று செய்வார். பெட்டி ஓடுவது பேட்டரியில்தான் என்றாலும், பிக்சர் டியூபுக்குள் போவது பத்தாயிரம் வோல்ட் அளவு. அணைத்த பிறகும் அந்தக் கண்ணாடி அதை விடாமல் பிடித்து வைத்திருக்கும். திருப்புளியில் ஒரு வயரைக் கட்டி, மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டி, டியூபின் ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைப்பார். டிக் என்று ஒரு பொறி. அதுவரை நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

பேட்டரியில் கவ்வியை மாட்டியதும் என்னைக் கூப்பிடுவார்.

"தம்பி, காதை வச்சுப் பாரு. கீச்சுச் சத்தம் கேக்குதா?"

"கேக்குது சித்தப்பா."

படத்தைத் திரையில் வரைவது 625 கோடுகள், நொடிக்கு 25 தடவை. பெருக்கினால் 15,625. அத்தனை தடவை துடிக்கும் ஃப்ளைபேக் டிரான்ஸ்போர்மர் ஊசிபோல் ஒரு சத்தம் எழுப்பும். பிள்ளைகளின் காதுக்கு அது எட்டும். வயது ஏறினால் அந்த உச்சிச் சத்தம் முதலில் போய்விடும். சித்தப்பாவுக்கு அது கேட்காது. திரை இருண்டு கிடந்தாலும் நான் கேக்குது என்றால், அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, கோளாறு வேறிடத்தில் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். மீட்டர் எதுவும் இல்லாத அவருக்கு என் காதே கருவி.

பழைய கிளாக்கர் ஐயா மாற்றலாகிப் போகும்போது விட்டுவிட்டுப் போன ஒரு பெட்டி 1996 தொடக்கத்தில் எங்களிடம் வந்தது. திரை இருட்டு, கீச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. சித்தப்பா டியூபின் கழுத்தைப் பார்த்தார். அங்கே எரிய வேண்டிய சிறு செம்பொறி இல்லை. எங்கள் மலையின் ஈரத்தில் சொக்கட் பச்சை பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தியதும் கழுத்துக்குள் ஆரஞ்சு வெளிச்சம் வந்தது. படமும் வந்தது, மேல் பாதி மட்டும். "கண்டன்சர் காஞ்சு போச்சு" என்று சொல்லிவிட்டு, செத்த ரேடியோ ஒன்றிலிருந்து ஒன்றைக் கழற்றிப் போட்டார். படம் அடிவரை விரிந்தது.

அன்டனா அதைவிடப் பெரிய பாடு. ஜப்பானின் உதவியோடு 1982 பெப்ரவரி 15 அன்று தொடங்கிய ரூபவாஹினித் தொலைக்காட்சிக்கு, நாட்டிலேயே உயரமான பிதுருதலாகல மலையில், 2,524 மீட்டர் உயரத்தில், ஒளிபரப்புக் கோபுரம் உண்டு. அது எங்கள் மாவட்டத்து மலைதான். ஆனால் இடையில் நின்ற மலைகள் அலையை மறைத்தன. பாறையில் பட்டுத் தெறித்த அலை கொஞ்சம் பிந்தி வந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பக்கத்தில் இன்னொரு முகத்தைக் காட்டும். ஒருவர் குழாயைப் பிடித்துத் திருப்ப, ஒருவர் ஜன்னலில் நின்று கத்த, அப்படித்தான் படத்தைத் தெளிய வைத்தோம். டைட்டஸ் தொட்டவத்தை சிங்களம் பேச வைத்த 'தொஸ்தர ஹொந்தஹித' கார்ட்டூனில்தான் நானும் என் கூட்டாளிகளும் பாதிச் சிங்களம் பழகினோம்.

1996 மார்ச் 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெட் இறுதிப் போட்டி. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் லயமே வந்து உட்கார்ந்தது. முரளிதரன் பந்தெடுத்தபோது கிழவிகள்கூட நிமிர்ந்தார்கள். அவருடைய தாத்தாவும் தேயிலைத் தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்தவர்தானே. அரவிந்த டி சில்வா ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் பேட்டரி இறங்கியது. படம் நாலு பக்கமும் சுருங்கி உள்ளே போனது. கொழுந்து லொறி ஓட்டும் அண்ணன் எழுந்து ஓடி, லொறி பேட்டரியையே கழற்றித் தோளில் தூக்கிவந்தார். அரவிந்த 107 ஆட்டமிழக்காமல். ரணதுங்க மெக்ராத்தின் பந்தை எல்லைக்குத் தட்டிவிட, இலங்கைக்கு ஏழு விக்கெட்டால் வெற்றி. சித்தப்பா படத்தைப் பார்த்ததைவிடப் பெட்டியின் பின்பக்கத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

இப்போது என் வீட்டில் அப்படிச் சில பெட்டிகள் இருக்கின்றன. டிஷ் பெட்டிக்கும் இவற்றுக்கும் நடுவே ஒரு சின்ன மொடியுலேட்டரை வைத்தால் இன்றைய ஒளிபரப்பும் இவற்றில் ஓடும். கண்டன்சரைக் கடையில் புதிதாகவே வாங்கலாம். செப்புக்கோலுக்கும் தணல் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை இடையில் விட்ட ஒரு தோட்டத் தொழிலாளி திறந்து, விளங்கிக்கொண்டு, திருத்தக்கூடியதாக அந்தப் பெட்டிகள் செய்யப்பட்டிருந்தன. அவற்றின் பெருமை அதுதான். அவருடைய பெருமையும் அதுதான்.

கம்பளை அருகே ஒரு பழைய லயத்திலேயே தோட்டத் தொழிலாளருக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. கவ்வாத்துக் கத்திக்கும் கொழுந்துக் கூடைக்கும் பக்கத்தில் பேட்டரி டீவிக்கும் நம் சரித்திரத்தில் இடம் உண்டு. உங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே அப்படி ஒன்று கிடந்தால், பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். டியூபை உடைக்கவும் வேண்டாம், அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கலாம். வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல பெட்டிகளுக்கு வேண்டியது ஒரு கண்டன்சரும் கொஞ்சம் பொறுமையும் மட்டுமே.