விதியும் விதிகளும்

ஒரு சொல்லுக்கு இரு பொருள் அமைவது தமிழுக்குப் புதிதன்று. ஆயினும் 'விதி' என்னும் சொல்லைப் போல நம் வாழ்வோடு நெருங்கி விளையாடும் சொல் பிறிதொன்று உண்டோ என்பது ஐயமே. மனிதன் கையில் இல்லாததையும் விதி என்கிறோம். மனிதர் கூடி வகுத்துக்கொண்ட ஒழுங்கையும் விதி என்கிறோம். முன்னது எல்லாம் முடிந்தபின் சொல்லப்படுவது. பின்னது எதுவும் நிகழும் முன் எழுதப்படுவது. பின்னதைப் புறக்கணிப்போர்தாம் முன்னதை மிகுதியும் நொந்துகொள்கின்றனர். ஷார்ஜா தொழிற்பேட்டையில் வாகனப் பட்டறை ஒன்றின் உதிரிபாகக் கிடங்கை இருபத்தாறு ஆண்டுகளாகக் கவனித்துவரும் எனக்கு இவ்வுண்மையைக் கற்பித்தது இந்நாட்டின் மணல்தான்.

அக்டோபர் பிறந்து வெயிலின் கடுமை தணியத் தொடங்கியதும் எங்கள் பட்டறையில் வேறொரு பருவம் தொடங்கும். நிசான் பட்ரோல், டொயோட்டா லேண்ட் குரூசர் போன்ற வண்டிகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். அவற்றின் எஞ்சின்கள் வெளியே இறக்கப்படும், டர்போக்கள் பொருத்தப்படும். அகன்ற துடுப்புகள் போன்ற பட்டைகளையுடைய டயர்கள் என் கிடங்கின் மூலையில் அடுக்கப்படும். படகின் துடுப்பு நீரைத் தள்ளுவது போல இவை மணலை வாரிப் பின்னே எறிந்து வண்டியை முன்னே செலுத்துகின்றன. இவையெல்லாம் மணல் டிராக் பந்தயத்திற்கான ஆயத்தங்கள்.

இரு வண்டிகள் அருகருகே நிற்கும். விளக்குக் கம்பத்தில் மஞ்சள் ஒளிர்ந்து பச்சை தோன்றியதும் இரண்டும் பாயும். பச்சைக்கு முன்னே நகர்ந்தவனுக்குச் சிவப்பு விளக்கு. அவன் ஆட்டம் அத்துடன் முடிந்தது. தார்ச்சாலையில் இப்பந்தயத்தின் மரபான தூரம் கால் மைல், அதாவது சுமார் 402 மீட்டர். அமெரிக்க மணல் களங்களில் 300 அடி, ஏறத்தாழ 91 மீட்டர் மட்டுமே. சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். இங்கு அமீரகத்தில் உம் அல் குவைனில் அமைந்த எமிரேட்ஸ் மோட்டார்பிளெக்ஸ் இவ்வகைப் போட்டிகளுக்குப் பெயர்பெற்றது. அபுதாபியின் தென்கோடியில், லிவாவில், சுமார் 300 மீட்டர் உயரமும் ஏறத்தாழ 50 பாகை சரிவும் கொண்ட மொரீப் என்னும் மணற்குன்று நிற்கிறது. 'அச்சமூட்டும் குன்று' என்பதே அதன் பெயருக்குப் பொருள் என்பர். ஆண்டிறுதியில் நிகழும் லிவா விழாவில் அதன் அடிவாரத்திலிருந்து உச்சிவரை வண்டிகள் சீறி ஏறுவதைக் காணப் பல்லாயிரவர் கூடுகின்றனர்.

இவையனைத்தும் செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குத்தானே, நமக்கு இதில் என்ன என்று வாசகர் வினவலாம். அந்த வண்டிகளுக்குள்ளே ஓட்டுநரின் உயிரைக் காக்கும் இரும்புக் கூண்டை, ரோல் கேஜ் என்பதை, பல பட்டறைகளில் வெல்டிங் செய்பவர்கள் நம் ஊர்க்காரர்கள். அதுவே என் முதல் விடை. இரண்டாவது விடையை இறுதியில் கூறுவேன்.

எங்கள் பட்டறையில் புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்த வெல்டர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் அண்ணன். அதிகம் பேசமாட்டார். ஒருமுறை, வார நடுவில், இளைஞர் ஒருவர் தம் வண்டியுடன் வந்தார். அவ்வார இறுதியில் போட்டி. அதற்குள் கூண்டு வேண்டும் என்றார். செலவைக் குறைக்கத் தாமே குழாய்களும் வாங்கி வந்திருந்தார். அண்ணன் ஒரு குழாயைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய். அதை நெருப்பில் காட்டினால் எழும் புகை வெல்டரின் நெஞ்சுக்குக் கேடு. உருளும் வண்டியில் வைத்தாலோ ஓட்டுநரின் உயிருக்குக் கேடு. தமக்குத் தெரிந்த இந்தியிலும் அரபியிலுமாக அவர் சொன்னதன் பொருள் இதுதான்: "இது தண்ணீர் போகிற குழாய், தம்பி. உயிர் இருக்கிற இடத்தில் இதை வைக்க மாட்டேன்."

இளைஞர் சினந்தார். பட்டறைப் பொறுப்பாளர் என்னை அழைத்து, அண்ணனுக்கு எடுத்துச் சொல்லுமாறு பணித்தார். வேலையை மறுத்தால் சம்பளத்தில் கைவைக்கப்படலாம். விசாவும் அவர்கள் கையில்தான். ஊரில் அவருக்குத் திருமண வயதில் இரு பெண்கள். இவற்றையெல்லாம் நான் எடுத்துக் கூறினேன். அவர் முகக்கவசத்தை மேலே தள்ளிவிட்டு, "நாளைக்கு அந்தப் பையன் கவிழ்ந்தால் அவன் அப்பாவுக்கு நீங்கள் எடுத்துச் சொல்வீர்களா, அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதன்பின் நான் வாய் திறக்கவில்லை. இளைஞர் வண்டியை எடுத்துக்கொண்டு சென்றுவிட்டார். அந்த மாதம் முழுவதும் அண்ணனுக்குப் பட்டறையின் பின்புறம் துருப்பிடித்த கதவுகளை ஒட்டும் வேலைதான் தரப்பட்டது.

இரு மாதங்களுக்குப்பின் அதே இளைஞர் திரும்பி வந்தார். வேறோரிடத்தில் கூண்டு அமைத்துக்கொண்டு போட்டிக்குச் சென்றவரைப் பரிசோதகர்கள் நுழைவிலேயே திருப்பி அனுப்பிவிட்டனர். இம்முறை அண்ணன் கேட்ட எஃகுக் குழாயே வந்தது. பொதுவாக இருவகை எஃகு இதற்குப் பயன்படும். ஒன்று மைல்டு ஸ்டீல் என்னும் மென் எஃகு. மற்றது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி. பின்னது எடையில் குறைந்து வலிமையில் மிகுந்தது. ஆனால் அதைக் கைபோன போக்கில் ஒட்டக்கூடாது. டிராக் பந்தய விதிநூல் அதற்கு டிக் வெல்டிங் முறையையே வற்புறுத்துகிறது. கூண்டு வண்டியின் தரைத்தகட்டில் வெறுமனே நில்லாமல் சட்டத்தோடு பிணைய வேண்டும். தலைக்கவசம் இடிக்கக்கூடிய இடங்களில் மெத்தை போன்ற உறை சுற்ற வேண்டும். இவையனைத்தையும் அண்ணன் பத்து நாள் எடுத்துச் செய்தார்.

அடுத்த பருவத்தில் ஓரிரவு அவ்வண்டி ஒரு மணல்முகட்டைக் கடக்கும்போது உருண்டது. இளைஞர் தாமே கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். வண்டி எங்களிடம் இழுத்து வரப்பட்டபோது கூரைத்தகடு காகிதம்போல் கசங்கியிருந்தது, கூண்டு நின்றது. எல்லோரும் அண்ணனைப் பாராட்டினர். அவரோ கைவிளக்கை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்து ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்புறத் தாங்குகுழாயின் இணைப்பு ஒன்றில் மயிரிழை அளவு விரிசல் இருந்தது. அதை மற்றவர் எவரும் கண்டிருக்க மாட்டோம். அவர் உதவியாளனை அழைத்து அதைக் காட்டினார். பிறகு அவ்விணைப்பை அறுத்தெடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்குமுன் அவர் ஊர் திரும்பிவிட்டார். பெண்கள் இருவருக்கும் மணம் முடிந்துவிட்டது.

இப்பந்தயங்களின் விதிகளை நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மனிதரின் குருதியால் எழுதப்பட்டவை என்பது புலனாகும். 1970ஆம் ஆண்டு மார்ச் 8ஆம் நாள், கலிபோர்னியாவில், டான் கார்லிட்ஸ் என்னும் புகழ்பெற்ற டிராக் பந்தய வீரரின் வண்டியில் டிரான்ஸ்மிஷன் வெடித்துச் சிதறி அவரது வலப்பாதத்தின் ஒரு பகுதியைத் துண்டித்தது. மருத்துவமனைப் படுக்கையிலேயே அவர் சிந்திக்கலானார்; எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்தால் என்ன? 1971இல் அத்தகைய வண்டியுடன் களமிறங்கி வென்றார். பின்னர் அவ்வமைப்பே அத்துறையின் வழக்கமாயிற்று.

கழுத்துக் காப்பின் வரலாறு இன்னும் கசப்பானது. உடல் பட்டைகளால் இருக்கையோடு இறுகப் பிணைக்கப்பட்டிருக்க, மோதலில் தலை மட்டும் முன்னே பாய்கிறது. மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. இதைத் தடுக்க அமெரிக்கப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய வீரரான தம் மைத்துனர் ஜிம் டௌனிங்குடன் சேர்ந்து 1980களில் 'ஹான்ஸ்' என்னும் காப்பை உருவாக்கினார். அசௌகரியம் என்று பலர் அதை ஒதுக்கினர். 2001 பிப்ரவரியில் டேல் எர்ன்ஹார்ட் என்னும் மாபெரும் வீரர் டேடோனா களத்தில் மாண்டார். அதன் பின்னரே அது விரைந்து கட்டாயமாக்கப்பட்டது. பார்முலா ஒன் பந்தயத்தில் 2003 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்து கையிலிருந்தும் நோயாளி உண்ண மறுத்த காலம் ஏறக்குறைய இருபதாண்டு!

தீக்காப்பு உடையின் கணக்கும் அறியத்தக்கது. எஸ்.எஃப்.ஐ. அமைப்பின் தரவரிசையில் மிக எளிய உடை, இரண்டாம் நிலைத் தீக்காயம் ஏற்படும்வரை தருவது சுமார் 3 நொடி. ஐந்தாம் எண் உடை தருவது சுமார் 10 நொடி. கொழுந்துவிட்டெரியும் வண்டியில் பட்டையை அவிழ்த்து வெளியேற இடைப்பட்ட அந்த 7 நொடியே வாழ்வு. உள்ளே பாலியஸ்டர் பனியன் அணிந்தால் அது உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பட்டைகளுக்கும் வயது உண்டு. அவ்வமைப்பின் சான்று பெற்றவை இரண்டாண்டில் மாற்றப்பட வேண்டும். வெயிலும் மணலும் நூலிழைகளை உள்ளுக்குள் அரித்துவிடும் என்பது கிடங்கில் அமர்ந்திருக்கும் எனக்கு நன்கு தெரியும்.

நம் பிள்ளைகள் அறிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோம் களத்தில் 24 மணிநேரப் பந்தயத்திற்கான பயிற்சியின்போது நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. அவர் காயமின்றி இறங்கி நடந்தார். சில நாட்களில் அவரது அணி தன் பிரிவில் மூன்றாமிடமும் பெற்றது. அக்காட்சியைப் பிள்ளைகள் கைப்பேசியில் எத்தனை முறை கண்டு மகிழ்ந்தனர்! அவர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: அவரை நடக்கவைத்தவை கூண்டும் பட்டையும் கழுத்துக் காப்புமே. பெங்களூரு வீரர் சி.எஸ். சந்தோஷ் 2021 ஜனவரியில் சவூதி அரேபியாவில் நிகழ்ந்த டக்கார் பந்தயத்தில் பலத்த தலைக்காயமுற்று, மருந்தால் மயக்கநிலையில் வைக்கப்பட்டுப் பின்னரே மீண்டார். அவ்வாண்டுதான் அப்பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குக் காற்றுப்பை அங்கி கட்டாயமாயிற்று. பயின்ற வீரர், முழுக் காப்பு, விரைந்து வந்த ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் மணல் அவ்வளவு கடுமை காட்டியது.

இப்போது இரண்டாவது விடைக்கு வருகிறேன். குளிர்காலம் வந்தால் நம் குடும்பங்களும் அல் பதாயர் மணற்குன்றுகளை நோக்கிப் புறப்படுகின்றன. அங்கே குவாட் பைக்குகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பிரியாணிப் பொட்டலமும் பாயும் மறவாது எடுத்துச் செல்லும் நாம், தலைக்கவசத்தின் தாடைப்பட்டை பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. பந்தய வீரனுக்குப் பரிசோதகர் உண்டு. நம் பிள்ளைக்கு யார் பரிசோதகர்? நாம்தாம்.

ஆகவே பெற்றோர்க்குச் சில வேண்டுகோள்கள். வண்டி பிள்ளையின் உயரத்திற்கும் வயதிற்கும் ஏற்றதாக இருக்கட்டும். ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏற வேண்டா. ஓட்டுநர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு அதில் இருக்குமாயின் அது மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கட்டும். மூடிய காலணி, முழுக்கைப் பருத்திச் சட்டை, கண்ணாடி ஆகியவை வேண்டும். உயர்ந்த கம்பத்தில் கொடி பறக்கட்டும். முகட்டுக்கு அப்பால் வருபவன் உங்கள் பிள்ளையைக் காணுமுன் அக்கொடியைக் காண்பான். முகட்டில் வேகம் தணியுங்கள். மறுபுறம் பள்ளமா மனிதரா என்பது ஏறியபின்பே தெரியும். சரிவில் குறுக்காக ஓட்டாதீர்கள். சொந்த வண்டியில் செல்வோர் டயரின் காற்றை 15 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைப்பது வழக்கம். அந்நிலையில் திடீரெனத் திருப்பினால் டயர் வளையத்தைவிட்டுக் கழலும். சாலைக்குத் திரும்பியதும் காற்றை நிரப்புங்கள். ஒற்றை வண்டியாய்ப் பாலைக்குள் போகாதீர்கள். பந்தயம் காணச் சென்றால் தடுப்புக்கு அப்பால் நில்லுங்கள்.

2017 ஜூலை முதல் அமீரகத்தில் பின்னிருக்கையில் அமர்வோர்க்கும் சீட் பெல்ட் கட்டாயம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணற்குன்று ஏறும் தாய்மார்கள் இதனை எண்ணிப்பார்க்க வேண்டும். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி ஓட்டுநர் உரிமம் பெறும் வயது 17. இப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் சிலர் விரைவில் சக்கரத்தின் பின்னே அமர்வர் என்பதை நாம் மறக்கலாகாது.

காப்பு அணிவது கோழைமை என்று இளைஞர் சிலர் கருதுவர். ஏறுதழுவிய மரபில் வந்தவர்கள் நாம். அந்த வாடிவாசலிலும் இன்று விதிகள் உள்ளன. வீரர்கள் மருத்துவச் சோதனைக்கு உட்பட வேண்டும். திமிலை மட்டுமே பற்றலாம், கொம்பையோ வாலையோ தொடலாகாது. இவற்றால் காளையின் சீற்றமும் குறையவில்லை, இளைஞரின் வீரமும் குறையவில்லை.

வாரந்தோறும் இலக்கண விதிகளைப் பயிலும் மாணவச் செல்வங்களே! விதி அறிந்தவன்தான் மொழியில் தடையின்றி ஓடுகிறான். மணலிலும் அப்படியே. நீங்கள் விரைந்து செல்லுங்கள், உயர்ந்து ஏறுங்கள். ஆனால் பட்டையை மாட்டிக்கொண்டு ஏறுங்கள். உங்களுக்காக எங்கோ ஒரு பட்டறையில் பெயர் தெரியாத ஒருவர் ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். அவர் உழைப்பை வீணாக்காதீர்கள்.