கெட்டிமேளத்துக்குப் பின்னால ஒரு ஊர்!

கும்பகோணம்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? டிகிரி காபி, வெத்தலை, மகாமகக் குளம்... கரெக்ட். அடுத்த செமஸ்டர் லீவுல அந்தப் பக்கம் போனீங்கன்னா லிஸ்ட்ல இன்னும் ஒரு ஊரைச் சேர்த்துக்குங்க. மயிலாடுதுறை பஸ் பிடிச்சு, ஆடுதுறை தாண்டினதும் இறங்கணும். ஊர் பேரு நரசிங்கம்பேட்டை.

வயல், வாய்க்கால், டீக்கடைன்னு சாதாரண டெல்டா கிராமம்தான். ஆனா, உங்க அக்கா கல்யாணத்துல தாலி கட்டுற நேரத்துல உங்களைச் சிலிர்க்க வெச்ச நாதஸ்வரம், இந்த ஊர்ப் பட்டறையில பிறந்ததா இருக்கலாம்!

இந்த ஊருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் உண்டு. பக்கத்துலயே இருக்கிறது திருவாவடுதுறை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையோட ஊர். அந்தக் காலத்துல புழங்கினது 'திமிரி' நாதஸ்வரம். நீளம் கம்மி, சுருதி ஜாஸ்தி. பிள்ளை அதை விட்டுட்டு, நீளமான, கம்பீரமான குரல் கொண்ட 'பாரி'க்கு மாறினார். ஆனா, சுத்த மத்யமம் மட்டும் சரியாப் பேசாம அடம் பிடிச்சது. 1950-களில் அந்தக் குறையைச் சரிசெய்து, புது அளவுல பாரி நாதஸ்வரம் செய்து கொடுத்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. அதுக்கப்புறம் வித்வான்களோட பார்வை இந்த ஊர்ப் பக்கம் திரும்பிடுச்சு.

இப்போ பட்டறைக்குள்ள வாங்க. ஓரமா அடுக்கி வெச்சிருக்கிற கட்டைங்களை முதல்ல பாருங்க. எல்லாம் ஆச்சா மரம். இரும்பு மாதிரி கனக்கும். காட்டுல இருந்து வெட்டிட்டு வந்த புது மரம் இதுக்கு ஆகாது. ஈரம் காயக் காய மரம் சுருங்கும், உள்துளை கோணும், சுருதி போயிடும். அதனால, பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்திரம், தூண் இதையெல்லாம் தேடி வாங்குறாங்க. வாங்கின மரத்தை அறுத்து, மறுபடியும் காய வைக்கணும். அப்புறம் கடைசல்ல ஏத்தி, நீளமான தமரால துளை போட்டு, மேலே குறுகலா, கீழே போகப் போக அகலமா உள்ளே குடையணும். நாதமே இந்த உள்கூட்டுலதான் இருக்கு. விரல் வைக்க ஏழு துளை. 'உலவு'ங்கிற இந்தக் குழாயோட அடியில பூ மாதிரி விரியுதே, அது 'அணசு'. கடைசியில சீவாளி பொருத்தி ஊதிப் பார்த்து, பேசாத ஸ்வரத்தை நயமாச் சரிபண்ணுவாங்க.

சரி, இதுல பணக் கஷ்டம் எங்கிருந்து வருது? நீங்க காமர்ஸ் ஸ்டூடன்ட்னா சட்டுனு பிடிச்சுடுவீங்க.

பழைய மரத்தை இடிக்கிற இடத்துல கையில காசு கொடுத்து வாங்கணும். அது காயற வரைக்கும் போட்ட பணம் மூலையில தூங்கும். கட்டைக்குள்ள வெடிப்பு இருந்தா, கடைசல்ல ஏத்தின பிறகுதான் தெரியும். அந்தக் கட்டை அடுப்புக்கு! எல்லாம் சரியா வந்து விலை பேசும்போது, கடைஞ்ச நாளுக்குத்தான் கூலிக் கணக்கு. காத்திருந்த காலத்துக்கு யாரும் சம்பளம் தர்றதில்லை.

வாங்க வர்றவர் மட்டும் என்ன, பெரிய பணக்காரரா? அவரும் முகூர்த்த மாசத்தை நம்பிப் பிழைக்கிற கலைஞர்தான். ஆடியும் மார்கழியும் அவருக்கு ஈரத்துணி, ஆசாரிக்கும் ஈரத்துணி. கல்யாணத்துல டி.ஜே., ஊர்வலத்துல செண்டை மேளம்னு வந்தா, அந்த அடியும் நேரா இந்தப் பட்டறையிலதான் விழும். 2020 லாக்டவுன்ல பங்குனி, சித்திரைத் திருவிழாக்களே நின்னுபோனப்போ, புது நாதஸ்வரம் வாங்க யாருக்கு மனசு வரும்? இன்னொரு கூத்து, நல்ல நாதஸ்வரம் பல வருஷம் உழைக்கும். செல்போன் மாதிரி அடிக்கடி மாத்த வேண்டியதில்லை. அதாவது, வேலை எவ்வளவு சுத்தமோ, அந்த கஸ்டமர் திரும்பி வர அவ்வளவு லேட்!

2022-ல நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷமான விஷயம்தான். வேற ஊர்ல செஞ்சதை இந்தப் பேர்ல விக்க முடியாதபடி அது சட்டப் பாதுகாப்பு தரும். ஆனா, மரம் வாங்க முதல் தராது. விரல் விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான் இப்போ இந்தத் தொழில்ல இருக்கு. அந்த வீட்டுப் பசங்களும் உங்களை மாதிரி காலேஜ் போறவங்கதான். பட்டறையில உட்காரணும்னா, மாசம் இவ்வளவு வரும்னு ஒரு நம்பிக்கை வேணாமா? அப்பாகிட்ட இருந்து மகன் கைக்குப் போகலேன்னா, அந்த உள்கூட்டு அளவை யார்கிட்ட போய்க் கேட்கிறது?

உங்களால முடிஞ்சது ரெண்டு. வீட்டுல கல்யாணப் பேச்சு வந்தா, 'நாதஸ்வரத்துக்கு சிடி போட்டுக்கலாம்'னு சொல்ற சித்தப்பாவை மடக்குங்க. உங்க நண்பர் யாராவது இசைக் கல்லூரியில நாதஸ்வரம் படிச்சா, இந்த ஊருக்கு அழைச்சுட்டுப் போங்க. பேரம் வேணாம். ஆர்டர் சொல்லும்போதே பாதிப் பணத்தை அட்வான்ஸாக் கொடுத்துடச் சொல்லுங்க. எங்கேயாவது ஒரு பழைய வீடு இடியும்போது, நல்ல கட்டை ஒண்ணு கைவிட்டுப் போகாம இருக்க அது உதவும்.