நூல் கட்டிய பழம்

ஒன்பதாம் நாள் காலையில் நீ தொட்டியைக் கவிழ்த்து மண்ணைக் கொட்டியதை மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "ஏமாத்திட்டாங்க தாத்தா, பத்து விதைல ஒண்ணுகூட முளைக்கல" என்றாய். கூரியரில் வந்த பொட்டலம். மேலே ரத்தச் சிவப்பில், தேள் கொடுக்கு மாதிரி வால் வைத்த மிளகாய்ப் படம். கரோலினா ரீப்பர். உலகத்திலேயே அதிகக் காரம் என்று 2013-ல் கின்னஸில் ஏறியது. 2023-ல் பெப்பர் எக்ஸ் என்று இன்னொன்று வந்து அதைக் கீழே தள்ளிவிட்டது. இரண்டையும் உருவாக்கியவர் தென் கரோலினாவில் இருக்கும் எட் கரி என்ற ஒரே ஆள். ஆக, நீ காசு கொடுத்து வாங்கியது பழைய சாம்பியனை.

ஆனால் பொட்டலம் உன்னை ஏமாற்றவில்லை, கண்ணு. நம் குண்டு மிளகாய் எட்டு, பத்து நாளில் தலை காட்டும். ரீப்பர் வேறு இனம். அதற்கு மூன்று வாரம் சாதாரணம், அதற்கு மேலும் ஆகும். நீ வைத்த கெடு உன்னுடையது, விதைக்கு அதைப் பற்றித் தெரியாது.

அன்று ராத்திரி காரத்தின் அளவைப் பற்றிப் பேசினாய். 1912-ல் வில்பர் ஸ்கோவில் என்ற அமெரிக்க மருந்தாளர் மிளகாய்ச் சாற்றில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி ஊற்றி, நாக்குக்குக் காரம் தெரியாமல் போக எத்தனை மடங்கு வேண்டும் என்று எண்ணினார். அந்தக் கணக்கில் ரீப்பர் 16 லட்சம். எங்கள் ஆத்தாவிடம் வேறு கணக்கு இருந்தது. ஒரு வத்தலைக் கிள்ளி எண்ணெயில் போட்டால் திண்ணையில் இருப்பவன் தும்ம வேண்டும், சாப்பிட உட்கார்ந்தவன் இன்னொரு கரண்டி குழம்பு கேட்க வேண்டும். இரண்டும் நடந்தால்தான் அது மிளகாய்.

கமுதிப் பக்கம் எங்கள் ஊர். கரிசல் காடு, வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் முண்டு மிளகாய் விதைப்பார்கள். ஐப்பசி மழை கொடுத்ததை வைத்துக்கொண்டு செடி வளரும். தை பிறந்த பிறகு பறிப்பு. உருண்டையாக, தடித்த தோலோடு, கறுஞ்சிவப்பில் பளபளக்கும். காய்ந்ததைக் காதோரம் ஆட்டினால் உள்ளே விதை கலகலக்கும். 2023-ல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது தொலைக்காட்சியில் அதைக் கையில் தூக்கிக் காட்டினார்கள். இங்கே மளிகைக் கடையில் அதற்குக் குண்டு மிளகாய் என்று பேர்.

இதை நாட்டு விதை என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். மிளகாயே போர்த்துக்கீசியர் கப்பலில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதானே, அதில் என்ன நாடு என்பாய். வாஸ்தவம். அதற்கு முன் நமக்குக் காரம் என்றால் மிளகு. மிளகு மாதிரி உறைக்கிற காய் என்பதால்தான் மிளகாய். ஆனால் வந்து இறங்கிய செடி முண்டாக இறங்கவில்லை. அந்தக் காட்டில், அந்தத் தண்ணீரில், தலைமுறை தலைமுறையாக யாரோ ஒருத்தி இது வேண்டும், இது வேண்டாம் என்று பொறுக்கியதால் முண்டு ஆனது. நாடு என்பது அந்தப் பொறுக்கல்தான்.

ஆத்தா பொறுக்கும் விதம் இது. முதல் பறிப்பில் விதை எடுக்க மாட்டாள், கடைசிப் பறிப்பிலும் எடுக்க மாட்டாள். நடுப் பறிப்பு சமயத்தில் காட்டுக்குள் சும்மா நடப்பாள். நாங்கள் பெரிய பழமாகக் காட்டுவோம். "பழத்தைப் பாக்காதடா, செடியைப் பாரு" என்பாள். நோஞ்சான் செடியில் ஒரு பழம் பருத்துத் தொங்கலாம். இலை சுருளாமல், கொப்பு விரிந்து, எல்லாக் காயும் ஒரே சீராக இருக்கிற செடியாகத் தேடி, அதில் நாலைந்து பழத்தின் காம்பில் சேலை நூலைக் கட்டுவாள். நூல் கட்டிய பழத்தை யாரும் தொடக் கூடாது. செடியிலேயே பழுத்துச் சுருங்கிய பிறகு பறித்து, நிழலில் காயவைத்து, விதையைச் சாம்பலில் புரட்டிச் சுரைக்குடுக்கையில் போட்டுக் களிமண்ணால் வாயை மூடுவாள்.

மழை பொய்த்த ஒரு வருடம் வத்தல் விலை ஏறிக் கிடந்தது. வியாபாரி சாக்கோடு வந்தார். எடை கொஞ்சம் குறைந்தது. எங்கள் ஐயா நூல் கட்டியதையும் பறிக்கச் சொன்னார். வீட்டில் கேழ்வரகுக் கூழ் குடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஆத்தா ஒன்றும் பேசாமல் காட்டுக்குப் போய் அந்தச் செடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வியாபாரி போன பிறகுதான் எழுந்து வந்தாள். இருப்பதில் மிகச் சுமாரானதைத் தின்றுவிட்டு மிக நல்லதை மண்ணுக்குக் கொடுக்கும் குணம் எனக்கு அவளைப் பார்த்துப் பழக்கமானது. அல்லது, ஆனதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

1986-ல் பெருங்குடித் தொழிற்பேட்டையில் லேத் வேலைக்கு வந்தபோது ஒரு கைப்பிடி விதை முடிச்சில் வந்தது. இங்கே போர் தண்ணீர் உப்பு. ஊற்றினால் இலை நுனி கருகும், தொட்டி விளிம்பில் வெள்ளை பூக்கும். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்துத்தான் நாற்றுக்கு ஊற்றுவேன். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு சமபங்கு. ஆடியில் விதைத்து, முப்பத்தைந்து, நாற்பது நாளில் பெரிய பைக்கு மாற்றுவேன். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். இதைத் தெரிந்துகொள்ளாமல் மருந்தடிப்பவர்கள்தான் அதிகம். இலைப்பேனுக்கு ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், சாயங்காலத்தில். வெயிலில் பூ கொட்டினால் புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளிப்பார்கள், நானும் செய்கிறேன். வெயில் தணிந்தால் பூ தானாக நிற்கும், பேர் மோருக்குப் போகும்.

2019 கோடை உனக்கு நினைவிருக்கும். ஏரிகள் வறண்டு, ஓஎம்ஆர் முழுக்கத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த கோடை. பதினெட்டுச் செடியில் நாலு மிஞ்சியது, அரிசி கழுவிய தண்ணீரில். நாலில் ஒன்று மட்டும் சுருளாமல் நின்றது. அதற்கு நூல் கட்டினேன்.

அடுத்த வருடம் மூன்றாவது மாடி அம்மா விதை கேட்டார். நான் ஆத்தாவின் கதை, நூல் கதை, வியாபாரி கதை எல்லாம் ஒரு மணி நேரம் சொன்னேன். கொடுத்தது நூல் கட்டிய பழத்து விதையை அல்ல. தாளிக்க வத்தல் உடைத்தபோது தாளில் உதிர்ந்து கிடந்ததைத் திரட்டி மடித்துக் கொடுத்தேன். இவருக்கு இது போதும் என்று தோன்றியது.

2021-ல் நர்சரியில் நீட்டு மிளகாய் நாற்று நாலு வாங்கி முண்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். ஹைபிரிட், காய்த்துக் கொட்டியது. முண்டும் அந்த வருடம் வழக்கம்போலவே காய்த்தது. அதில்தான் ஏமாந்தேன். மிளகாய்ப் பூ தன்னைத்தானே சூல்கொள்ளும், ஆனாலும் தேனீ பக்கத்துச் செடி மகரந்தத்தைக் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லாது. கலப்பு அந்தப் பழத்தின் தோலில் தெரியாது, உள்ளே இருக்கும் விதையில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வருடம் விதைத்தபோது பாதிச் செடியில் வந்தவை உருண்டையும் இல்லை, நீட்டும் இல்லை, காரமும் இரண்டுங்கெட்டான். உப்புத் தண்ணீரைத் திட்டினேன், உரக்காரரைத் திட்டினேன். பழைய விதையை மிச்சம் வைக்காமல் எல்லாவற்றையும் விதைத்திருந்தேன். முப்பத்தாறு வருடம் காப்பாற்றியதை நாலு நாற்றில் கலைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்து மூன்றாவது மாடிக்கு இறங்கினேன். பால்கனியில் ஆறு பை. குண்டு குண்டாகத் தொங்குகிறது, இரண்டு செடிகளில் காம்புக்குக் காம்பு மஞ்சள் நூல். நான் சொன்ன கதையை அவர் அப்படியே நம்பிச் செய்திருக்கிறார். நான் கேட்டதும் உள்ளே போய் மாத்திரை டப்பா ஒன்றைக் கொண்டுவந்தார், வருடம் எழுதி ஒட்டியிருந்தது. "நூல் கட்டினதுதான் சார், வேற தர மாட்டேன்" என்றார். காதெல்லாம் சுட்டது. தரமணியில் நமக்குப் பக்கத்திலிருக்கும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கொல்லிமலையில் சிறுதானியத்துக்கு ஊர் விதை வங்கிகள் நடத்த உதவியது. இப்படிப்பட்ட வங்கிகளில் வாங்கிய விதையை அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தருவது வழக்கம். நான் போட்டது உதிரி, எடுத்தது முதல் தரம். அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றபோது மாடியிலும் பாதிப் பைகள் வேரழுகிப் போயின, அடித்துளை அடைத்திருந்ததைப் பார்க்காமல் விட்டிருந்தேன். கவலைப்படவில்லை. இப்போது முண்டு விதை ஐந்து வீட்டில் இருக்கிறது.

நீ கொட்டிய மண்ணை அன்றே கூட்டி அள்ளி இன்னொரு தொட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்துவந்தேன். இருபத்தாறாம் நாள் ஒன்று முளைத்தது. இரண்டு இலை விட்டிருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம், முண்டுக்கு எட்டாத தூரத்தில் வைத்திருக்கிறேன். தூரம் மட்டும் போதாது, பூக்கும் முன் செடியை வலை போட்டு மூட வேண்டும். அடுத்த ஞாயிறு வரும்போது கொசுவலைத் துணி இரண்டு மீட்டர் வாங்கி வா. இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் முண்டுக்கு மட்டும்தான் வரும்.